துருவேறிய மரையாணி

மோட்டார் வண்டியைத் தம் வீட்டு வாயிலிலேயே பழுது பார்க்கத் துணிந்தவர் யாவர்க்கும் ஒரு நாள் வந்தே தீரும் இடர் ஒன்றுண்டு. கழற்ற வேண்டிய மரையாணி கழலாது நிற்றலே அவ்விடராகும். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் நமக்கு மரையாணியோடு என்ன தொடர்பு என்று கல்லூரித் தோழர் வினவுதல் கூடும். சென்ற கோடை விடுமுறையில் மூன்று நாட்கள் சைதாப்பேட்டையில் நம் இல்லத்தின் முன் ஒரு மரையாணியோடு போராடினோம். அப்போராட்டத்தில் நாம் கற்றன சில. பெரியோர் ஒருவர் கற்பித்தன பல. அவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். நம் வண்டியை ஆக்கிய நிறுவனத்தின் பெயரைக் கூறோம். கூறின், ஆற்று வெள்ளம் செய்த குற்றத்தை அதன்மேல் ஏற்றியதாய் முடியும்.

முதற்கண் சொற்களை நோக்குவாம். இது நம் வகுப்பின் குணம், அன்பர் பொறுத்தருள்க. ஆங்கிலத்தார் போல்ட்டு என்றும் நட்டு என்றும் வழங்குவனவற்றை நம் பட்டறைகளிலும் அவ்வாறே வழங்குகின்றனர். எனினும் அவ்வாணியின் உடலைச் சுற்றி ஓடும் வரிக்கு மட்டும் மரை என்னும் தமிழ்ச் சொல்லே இன்றும் பட்டறைகளில் நிலைத்துள்ளது. ‘மரை தேய்ந்துவிட்டது’, ‘மரை ஏறவில்லை’ என்று சிறுவரும் கூறக் கேட்கலாம். அறிவு நிலைகுலைந்தவனை மரை கழன்றவன் என்னும் எள்ளல் வழக்கும் இதனின்றே பிறந்தது போலும். மரையாணியை உள்ளே ஏற்கும் துளையுடைய பகுதிக்குச் சுரை என்று பெயர். இச்சொல்லைப் பட்டறையில் கேட்டல் அரிது. பொற்கொல்லரிடத்தும் பாட்டிமாரிடத்தும் கேட்கலாம். கம்மலின் திருகாணி சென்று பொருந்தும் சிறு குழாயே சுரை. நம் பாட்டியாரின் கம்மல் ஒருமுறை கழலாது நின்றபோது, அவர் தேங்காயெண்ணெய் ஒரு துளி விட்டு, அன்றிரவு அதனைத் தொடாமலே உறங்கி, மறுநாட் காலையில் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, இரண்டு விரலால் எளிதிற் கழற்றினார். எண்ணெய், காலம், வெப்பம், மெல்லிய கை ஆகிய நான்கும் அதில் அடங்கியிருந்தன. பின்னர் நாம் கண்ட முறைகள் யாவும் இந்நான்கின் விரிவே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கம்மலுக்கு வெள்ளத்தில் நிற்கும் துன்பம் இல்லை.

வெள்ளத்தைக் கூறினோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் பெய்த மழையைச் சைதாப்பேட்டையார் மறவார். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியினின்றும் நொடிக்கு 29,000 கன அடி அளவிற்கு நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டது, மறைமலையடிகள் பாலத்திற் போக்குவரத்து நின்றது. அப்பாலம் நிற்கும் இடத்திலே 1726-ஆம் ஆண்டில் ஆர்மீனிய வணிகராகிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான் தம் பொருளால் ஒரு பாலம் கட்டுவித்தார். அதன் பின்வந்த புதிய பாலத்திற்கே, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் பயிற்றியவரும் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையுமாகிய மறைமலையடிகளின் பெயர் இடப்பெற்றது. அவ்வழியாகப் போகும்போதெல்லாம், அடிகள் இருந்திருப்பின் ஷாக் அப்சார்பருக்கு என்ன பெயர் இட்டிருப்பார் என்று நாம் எண்ணுவதுண்டு. நிற்க.

அவ்வெள்ளத்தில் நம் தந்தையாரின் வண்டி இரண்டு நாள் கதவின் பாதியளவு நீரில் நின்றது. அப்போது நமக்கு ஒன்பது வயது. மாடியின் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, அதன் கூரை மட்டும் ஒரு படகு கவிழ்ந்தாற்போலத் தோன்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீர் வடிந்தபின் எஞ்சினைப் பிரித்துத் துடைத்தனர், இருக்கைகளை வெயிலில் உலர்த்தினர், எண்ணெய்களை மாற்றினர். வண்டி ஓடிற்று. ஓடியதாற் கீழ்ப்பக்கத்தை ஒருவரும் எண்ணவில்லை. ஆங்கே, கண்ணுக்குப் புலனாகாத இடுக்குகளிற் புகுந்த சேறும் சாக்கடை நீரும் பத்தாண்டுகளாகத் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

சென்ற ஏப்ரல் மாதத்தில் வண்டியின் முன் இடப்பக்கத்தில் ‘டொக்’ என்னும் ஒலி எழுந்தது. பிரேக்கை மிதிக்குந்தோறும் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பட்டறையொன்றிற் காட்டியபோது, கீழ்க்கையின் புஷ் கிழிந்துவிட்டது என்றனர்; கூறிய கூலி நம் தந்தையாரின் ஒரு மாத ஊதியத்திற் பெரும்பகுதியாய் இருந்தது. ‘நாமே செய்வோம்’ என்றார் தந்தையார். சிறிய தந்தையாரும் உடன்பட்டார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பாட்டியாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தனர். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் சனிக்கிழமை நண்பகலில் முடியும் என்று கணக்கிட்டோம். அக்கணக்கில் துருவுக்கு இடம் வைக்கவில்லை.

கீழ்க்கை என்பது யாது எனின், சக்கரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கும் இரும்புக் கையாகும். ஒரு முனை உருளைமுட்டு ஒன்றால் சக்கரப் பக்கத்தோடு பொருந்தும். மறுமுனை வண்டியின் அடியிலுள்ள இரு காதுகளின் நடுவே நிற்கும். அவ்விரு காதுகளையும் கையின் முனையையும் ஊடுருவிச் செல்வதே நாம் கூறவந்த மரையாணி. சக்கரம் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போது கை அவ்வாணியை அச்சாகக் கொண்டு அசைகிறது. ஆயின் இரும்பும் இரும்பும் நேரே உரையுமாறு அமைக்கவில்லை. கையின் முனையில் புஷ் என்னும் உறுப்பு உண்டு. அதன் நடுவில் ஒரு சிறு எஃகுக் குழாய். குழாயைச் சுற்றி இரப்பர். ஆணியை இறுக்கும்போது அக்குழாய் இரு காதுகளுக்கிடையே நெரிபட்டு அசையாது நிற்கும். கை அசையுங்கால் இரப்பர் மட்டுமே முறுக்குண்டு மீளும். எண்ணெயிட வேண்டுவதில்லை, ஒலியில்லை, தேய்வு குறைவு. மிகவும் அழகிய ஏற்பாடு.

அவ்வழகிய ஏற்பாட்டிலேயே நம் துன்பத்தின் வித்தும் இருந்தது. ஆணிக்கும் குழாய்க்கும் இடையே தலைமயிர் புகும் அளவு இடைவெளிதான் உண்டு. ஆணியோ ஒருபோதும் அதனுள் சுழல்வதில்லை. அவ்விடைவெளியிற் புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். இரும்பும் நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும் கூடினால் துரு பிறக்கும். உப்புக் கலந்த நீராயின் மிக விரைந்து பிறக்கும். துருவின் தன்மைகளுள் ஒன்றைத் தோழர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்: அது தான் பிறந்த இரும்பினும் மிகுந்த இடம் கொள்வது. இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை பெருகும் என்பர். திறந்த வெளியில் அது செதிளாய் உதிர்ந்துவிடும். அடைபட்ட இடத்திலோ உதிர இடமில்லை. ஆதலின் ஆப்புப்போல் நெருக்கி, ஆணியையும் குழாயையும் ஒரே பொருளாக்கிவிடும். கடற்காற்றின் வலிமையை அறிய வேண்டுவோர் பாம்பனை நோக்குக. 1914-ல் திறக்கப்பெற்ற அவ்விருப்புப் பாதைப் பாலத்தில், தூக்குப் பகுதியின் அரிப்புக் காரணமாக 2022 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரைக்குக் கடல் சில மைல் தொலைவே.

வெள்ளி மாலை வண்டியை உயர்த்தினோம். சிறிய தந்தையார் ஜாக்கியால் தூக்கி, அடியில் நான்கு செங்கல்லை அடுக்கி வைத்தார். தந்தையார் அவற்றை உடனே எடுத்தெறிந்தார். செங்கல் மேலிருந்து வரும் பாரத்தை ஓரளவு தாங்கும். ஆனால் நாம் ஆணியை வலித்திழுக்கும்போது வண்டி பக்கவாட்டில் ஆடும். அவ்வாட்டத்திற் செங்கல் முன்னறிவிப்பின்றிப் பொடியாகும். ஜாக்கியோ எண்ணெய் கசிந்து மெல்ல இறங்கும் இயல்பினது. ஆதலின் இரும்பு முக்காலிகளாகிய ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேலன்றி வண்டியின் கீழ்த் தலை நீட்டலாகாது. அண்டை வீட்டாரிடம் இரண்டு ஸ்டாண்டுகள் இரவல் வாங்கிக் கனத்த பலகையின்மேல் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்த பின்னரே பானாவைக் கையில் எடுத்தோம். இதனை விரிவாகக் கூறியது, கழலாத ஆணியே மனிதனைப் பொறுமையிழக்கச் செய்து, தன் முழுவலிமையையும் வண்டியின் அடியிலிருந்து காட்டத் தூண்டுவதாகலின்.

மரையாணியின் இயல்பைச் சிறிது ஆராய்வாம். மரை என்பது ஓர் உருளையின்மேற் சுற்றப்பட்ட சாய்தளமேயன்றி வேறில்லை. மலைப்பாதை மலையைச் சுற்றி ஏறுவதுபோல் அது ஆணியைச் சுற்றி ஏறுகிறது. சாய்வு மிகச் சிறிதாதலின், பாரம் எவ்வளவு அழுத்தினும் சுரை தானே வழுக்கிக் கழலாது. உராய்வு அதனைப் பிடித்துக்கொள்ளும். நாம் ஆணியை முறுக்குங்கால் செலவிடும் வலிமையிற் பாதியளவு தலையின் அடியிலுள்ள உராய்விலும், ஐந்தில் இரண்டு பங்களவு மரைகளின் உராய்விலும் கழிந்துவிட, எஞ்சிய பத்தில் ஒரு பங்கே உறுப்புக்களை இறுகப் பிடிக்கப் பயன்படுகிறது என்று பொறியியலார் கூறுவர். நல்ல நிலையிலுள்ள ஆணிக்கே இக்கணக்கு. துருவேறியதற்கு உராய்வின் பங்கு எத்துணை ஆகுமென்று சொல்லவும் வேண்டுமோ? முற்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. ஒன்றன் ஆணி மற்றொன்றன் சுரையிற் பொருந்தாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் ஒரே அளவான மரைகளை வகுத்தளித்த பின்னரே அக்குழப்பம் தீரத் தொடங்கிற்று. இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. விட்வொர்த் வகுத்தது 55 பாகை.

முதலில் கம்பித் தூரிகையால் வெளியே தெரிந்த மரைகளைப் பளபளக்கும் வரை தேய்த்தோம். இதனைச் செய்யாது பானாவை மாட்டுவோர், சுரை வெளிவரும் வழியிலேயே சேற்றை மலைபோல் வைத்துக்கொண்டு இழுக்கின்றனர். பின்னர் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்தோம். கடைகளில் விற்கும் டபிள்யூ.டி.40 என்பது 1953-ல் அமெரிக்காவில் உலோகத்தினின்று நீரை விலக்குதற்பொருட்டு ஆக்கப்பட்டது. நாற்பதாம் முயற்சியிற் கைகூடியதால் அப்பெயர் பெற்றது. அஃது இல்லாதார் மண்ணெண்ணெயும் டீசலும் கொண்டு ஒருவாறு காரியம் முடிப்பர். எண்ணெய் துருவைக் கரைப்பதன்று. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமாறுபோல நுண்ணிய வெடிப்புக்களில் ஏறிச் செல்வதே அதன் தொழில். வெடிப்பு இல்லாவிடத்து அதற்கு வழியும் இல்லை. ஆகவே எண்ணெய் விட்டபின் சிறு சுத்தியலால் பலமுறை மெல்லத் தட்டுதல் வேண்டும். தட்டுந்தோறும் துருவிற் புதிய வெடிப்பு உண்டாகும். எண்ணெய் இன்னும் சிறிது உட்செல்லும். அன்றிரவு மூன்று முறை தட்டினோம். தெருவார் உறங்க வேண்டுமென்று அண்டை வீட்டு அம்மையார் கூறிய பின் நிறுத்தினோம்.

சனிக்கிழமை காலை சுரையைத் திருப்ப முயன்றோம். பானாவிலும் தெரிந்தெடுத்தல் உண்டு. வாய்திறந்த பானா இரு முகங்களையே பற்றும். சற்று வழுக்கினும் மூலைகளை உருட்டிவிடும். பன்னிரண்டு முனையுடைய வளையப் பானாவும் பெருவலிமைக்கு ஏற்றதன்று. ஆறு முகங்களையும் ஒருங்கே பற்றும் அறுமுனைப் பாக்ஸ் ஸ்பானரே வேண்டும். நம்மிடம் இருந்தது ஒரு முழக் கைப்பிடி அளவுக்கும் குறைவு. 30 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 40 கிலோகிராம் பாரத்தை வைத்தால் 12 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு உண்டாகும். அதன்மேல் நீர்க்குழாய்த் துண்டொன்றை மாட்டி 90 சென்டிமீட்டராக நீட்டினால் அதே பாரம் 36 கிலோகிராம்-மீட்டர் ஆகும். 12 மில்லிமீட்டர் பருமனுள்ள பொதுவான ஆணியை இறுக்க வேண்டும் அளவு எட்டு அல்லது ஒன்பதே. ஆகவே குழாய் மாட்டியவன் தன் கையில் ஆணியை முறிக்கும் ஆற்றல் இருப்பதை மறத்தலாகாது. தந்தையார் முதலில் சுரையைக் கழற்றும் திசையில் திருப்பாது, இறுக்கும் திசையில் ஒரு சிறிது அசைத்தார். நாம் வியந்தோம். துருவின் பிடியை உடைப்பதே நோக்கமாதலின் எத்திசையில் முதலில் உடைந்தாலும் நன்றே. சிறிய ‘கிரீச்’ ஒலி கேட்டது. பின்னர்க் கால் சுற்றுக் கழற்றி, அரைக்கால் சுற்றுத் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, இவ்வாறு முன்னும் பின்னுமாக அரை மணி நேரத்திற் சுரையை எடுத்துவிட்டோம். வெற்றி என்று ஆரவாரம் செய்தோம். காப்பி வந்தது.

காப்பிக்குப் பின் ஆணியின் தலையைத் திருப்பினோம், எளிதாகத் திரும்பிற்று. விட்டோம், அது தானே பழைய இடத்திற்கு மீண்டது! மீண்டும் திருப்பினோம், மீண்டும் மீண்டது. அப்போதுதான் உண்மை விளங்கிற்று. ஆணி குழாயோடு ஒன்றாகிவிட்டது. நாம் திருப்புவது ஆணியையன்று; குழாயைச் சுற்றியுள்ள இரப்பரை முறுக்குகிறோம். நாம் கொடுக்கும் வலிமை முழுதும் இரப்பருக்குட் சென்று திரும்பி வருகிறது. மரையில் துருவேறுதல் வேறு. தண்டில் துருவேறுதல் வேறு. முன்னதற்குத் திருப்புதல் மருந்தாகும். பின்னதற்கு அஃது ஆகாது. இவ்வேற்றுமையை அறியாமையே நம் சனிக்கிழமையை விழுங்கியது.

சிறிய தந்தையார் பெருஞ்சுத்தியல் கொண்டு ஆணியின் மரைமுனையில் ஓங்கி அடித்தார். பத்தாவது அடியில் முனை காளான்போல் விரிந்தது. விரிந்த முனை இனி எந்தத் துளை வழியும் செல்லாது. அடிக்குமுன் சுரையை மரைமுனையளவாகத் திரும்ப மாட்டி, சுரையின்மேல் அடி விழுமாறு செய்திருத்தல் வேண்டும். அடியும் இரும்பை அடையாது பெரும்பாலும் இரப்பரிலேயே சென்று அழிந்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘அண்ணே, காஸ் வைத்துச் சுட்டால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும், கொண்டு வரட்டுமா?’ என்றார்.

வெப்பத்தின் முறை தவறன்று. எஃகு ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் தன் நீளத்தில் இலட்சத்தில் ஒரு பங்கினும் சிறிது மிகுதியாக விரியும். 12 மில்லிமீட்டர்த் துளையை 300 பாகை சுட்டால் அதன் விட்டம் 0.04 மில்லிமீட்டர் அளவு பெருகும். தலைமயிரின் பருமனிலும் குறைவுதான். துருவின் பிடியை உடைக்க அதுவே போதும். ஆனால் சுட வேண்டியது சுரையை அல்லது துளையை, ஆணியையன்று. ஆணியைச் சுட்டால் அதுவே பருத்து இன்னும் இறுகும். தந்தையார் இசையும் நிலையிலிருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவ்வேளையில் எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து வந்தார். நாற்பது ஆண்டு வண்டி வேலை செய்து ஓய்ந்தவர். அதுகாறும் ஒன்றும் பேசாதிருந்தவர், ‘தம்பி, கொஞ்சம் அந்த டார்ச்சைக் கொடு’ என்று வாங்கிக் குனிந்து, ஒளியை ஓரிடத்தில் நிறுத்தினார். ஆணியின் தலையிலிருந்து நான்கு விரல் தொலைவில் பெட்ரோல் குழாய் சென்றது. அதன் அருகே பிரேக் எண்ணெய்க் குழாய். ‘இதைப் பார்த்தீர்களா?’ என்று மட்டும் கேட்டார். தந்தையார் முகம் வெளிறியது. நாம் இரண்டு நாளாக அவ்விடத்திலேயே கை வைத்திருந்தும் அக்குழாயைக் கண்டோமில்லை, கண்டும் கருதினோமில்லை. இரப்பரைச் சுட்டாற் பற்றி எரியும். அதன் புகை நஞ்சு. நாகப்பூச்சுள்ள ஆணியைச் சுட்டால் வரும் புகையும் உடலுக்குத் தீங்கு. அருகிலுள்ள ஷாக் அப்சார்பரில் அடைபட்ட காற்றும் எண்ணெயும் இருப்பதால் அதனைச் சுடுதல் வெடிக்குக் காரணமாகும். சுருள்வில்லைச் சுட்டால் அதன் உரம் கெடும். இவற்றையெல்லாம் அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறினார். சிறிய தந்தையார் மறுமொழி கூறாது சுத்தியலைக் கீழே வைத்தார்.

முதியவர் காட்டிய வழி மிக எளியது. நம் பெருமைக்கு மட்டும் சிறிது கசப்பானது. ஆணியைக் காப்பாற்றும் எண்ணத்தையே விட்டுவிடல் வேண்டும். புஷ்ஷும் கிழிந்தது, ஆணியும் கெட்டது, இரண்டும் எறியத்தக்கன. காப்பாற்ற வேண்டியது வண்டியின் உடலோடு ஒட்டிய காதுகளை மட்டுமே. ஆகவே குழாயின் முனைக்கும் காதுக்கும் இடையே, ஒரு பக்கமும் மறுபக்கமுமாக, ஆணியை அறுத்துவிட்டால் நடுத்துண்டு கையோடு வெளியே வரும். தலைத்துண்டும் முனைத்துண்டும் தாமே விழும். மின்னால் சுழலும் அறுப்புச் சக்கரம் பொறி சிந்தும். பெட்ரோல் குழாய் அருகில் அதுவும் ஆகாது. கைவாளே தக்கது. அங்குலத்திற்கு 24 பற்களுள்ள ஹாக்ஸா பிளேடு வாங்கச் சொன்னார்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. நம் வண்டியில் சுருள்வில் ஷாக் அப்சார்பரைச் சுற்றி அதனோடு கட்டுண்டு நிற்பது. கீழ்க்கையை எடுத்தாலும் வில் தெறிக்காது. சில வண்டிகளில் வில் கீழ்க்கையின் மேலேயே அமர்ந்திருக்கும். அத்தகைய வண்டியில் இவ்வாணியை அறுத்தல், வளைத்துக் கட்டிய வில்லின் கட்டைத் தன் மார்புக்கு எதிரே அறுத்தலை ஒக்கும். வில்லை அதற்குரிய கருவியால் நெரித்துக் கட்டாது அவ்வேலையில் ஒருவரும் இறங்கலாகாது.

மாலையே மின்சார ரயிலேறிச் சென்று, அங்கிருந்து நடந்து, ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலுள்ள உதிரிப்பொருட் கடைகளில் நாமும் தந்தையாரும் அலைந்தோம். புஷ்ஷை மட்டும் வாங்கினால் அதனைக் கையில் அழுத்திப் பொருத்தப் பட்டறை அழுத்துபொறி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது கிடையாது. ஆதலின் புஷ்ஷுடன் கூடிய புதிய கையையே வாங்கினோம். ஆணி வாங்குவதிலும் ஒரு பாடம் உண்டு. ஆணியின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்திருக்கும். முதலெண், அவ்வெஃகு அறும் வலிமையை நூறில் ஒரு பங்காகக் குறிப்பது. 8 எனில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அவ்வலிமையிற் பத்தில் எத்தனை பங்கு வரை ஆணி நிலையாக நீளாது தாங்கும் என்பதைக் காட்டும். பழைய ஆணியின் தலையில் 10.9 என்று இருந்தது. கடைக்காரர் ஒருவர் எண்ணே இல்லாத ஆணியொன்றைப் பாதி விலைக்குத் தந்து, அளவு சரியாக இருக்கும் என்றார். அளவு சரிதான். சக்கரத்தைப் பிடித்து நிற்கும் ஆணிக்கு அளவு மட்டும் போதாதென்று தந்தையார் திருப்பித் தந்துவிட்டார்.

ஞாயிறு ஆலயத்தினின்று வந்து உடை மாற்றியபின் அறுக்கத் தொடங்கினோம். சட்டம் அவ்விடுக்கில் நுழையாது. பிளேடின் ஒரு முனையிற் கந்தைத்துணியைச் சுற்றிக் கையாற் பிடித்தே அறுக்க வேண்டியிருந்தது. முன்னோக்கித் தள்ளும்போதுதான் பல் வெட்டும். பின்னிழுக்கும்போது அழுத்தினாற் பல் மழுங்கும். இதனைக் கற்க ஒரு பிளேடு செலவாயிற்று. மேலும் இரண்டு முறிந்தன. மூவரும் மாறி மாறி அறுத்தோம். எண்ணெய்த் துளி விடுவது பாட்டியாரின் பேரன் என்னும் உரிமையால் நம் தொழிலாயிற்று. முதற்பக்கம் அற நண்பகல் கடந்தது. பாட்டியார் ஒரு முறை வெளியே வந்து, புரை படிந்த கண்ணால் நம்மை நோக்கி, ‘நாளைக்கு ஆட்டோவில் போனால் என்னடா கண்ணு, ஏன் இவ்வளவு பாடு?’ என்றார். தந்தையார் தலை நிமிராமலே, ‘திரும்பி வரும்போது குலுங்கக் கூடாதம்மா’ என்றார். மாலை ஐந்து மணிக்கு மறுபக்கமும் அறுந்தது. கை தொங்கி விழுந்தது.

அறுந்த நடுத்துண்டை முதியவர் கேட்டு வாங்கிக் குழாயின் பக்கத்தே வாளால் ஒரு கீறல் இட்டுப் பிளந்து காட்டினார். உள்ளே ஆணியின் தண்டு ஓரிடத்தில் இளைத்து இடுப்புப்போல் ஒடுங்கியிருந்தது. அவ்வொடுக்கம் முழுதும் கருஞ்சிவப்பான துரு கல்லாய் நிரம்பியிருந்தது. இன்னும் ஈராண்டு சென்றிருப்பின் அவ்விடத்தில் தானே முறிந்திருக்கும் என்றார். கிண்டிப் பாலத்தின் மேலோ, வேறெங்கோ.

பொருத்துதல் விரைந்து முடிந்தது. காதுகளின் துளையை வட்ட அரத்தால் துடைத்து, புதிய ஆணியின் தண்டில் மட்டும் கிரீசை மெல்லப் பூசிச் செலுத்தினோம். மரையிற் பூசவில்லை, மரை வழுக்கினால் உராய்வு குறைந்து, குறித்த முறுக்கிலேயே ஆணி அளவுக்கு மிஞ்சி இறுகிவிடும். ஒன்பது மணிக்குச் சிறிய தந்தையார் வண்டி ஸ்டாண்டின் மேலிருக்கும்போதே சுரையை முற்ற இறுக்கப் போனார். முதியவர் தடுத்தார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் இரப்பர் அத்தொங்கிய நிலையையே தன் இயல்பாகக் கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் எந்நேரமும் முறுக்குண்டே நிற்கும். சில மாதங்களிற் கிழியும். முதலில் கையளவு இறுக்கி, சக்கரம் மாட்டி, வண்டியின் பாரம் முழுதும் சக்கரத்தின்மேல் நிற்கச் செய்து, நான்கு முறை குலுக்கி, அதன்பின்னரே முற்ற இறுக்க வேண்டும். அவர் தம் வீட்டினின்று கொணர்ந்த முறுக்களவுப் பானாவைக் கொண்டு, நாம் பக்கவாட்டிற் படுத்து டார்ச்சைப் பிடிக்க, தந்தையார் இறுக்கினார். பத்தரை மணி ஆயிற்று.

மறுநாள் ஏழரை மணிக்கு வண்டி மருத்துவமனைக்குச் சென்றது. ‘டொக்’ என்னும் ஒலி இல்லை. இழுப்பு மட்டும் சிறிது இருந்தது. அடுத்த வாரம் சக்கரங்களின் நேர்மையைச் சரி பார்த்த பின் அதுவும் நீங்கிற்று. பாட்டியார் இப்போது செய்தித்தாள் படிக்கின்றார். நம் கையெழுத்தையும் குறை கூறுகின்றார்.

வலப்பக்கத்து மரையாணி இன்னும் அங்கேயே உள்ளது. அதுவும் அதே வெள்ளத்தில் நின்றதே. வாரந்தோறும் சனிக்கிழமை மாலை நாம் அதற்கு எண்ணெய் விட்டுப் பத்து முறை தட்டி வருகின்றோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதனைக் கழற்றுவதாகத் தந்தையார் கூறியுள்ளார். பிளேடு ஆறு வாங்கி வைத்திருக்கின்றோம்.